ஹார்ப்பரை வைத்துக்கொண்டதும் சோட்டோவை விற்றதும்

அமெரிக்க பேஸ்பால் வீரர் மார்க் டெஷேரா ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை விற்கப்பட்டார். 2007 ஜூலை 31 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்தபோது பதிலுக்கு ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். அவர்களில் எல்விஸ் ஆண்ட்ருஸ் ஷார்ட்ஸ்டாப் என்ற முக்கியமான தடுப்பு இடத்திலும், நெஃப்தாலி ஃபெலிஸ் கடைசி இன்னிங்ஸில் பந்து வீசி முடித்துக்கொடுக்கும் பிட்சராகவும் நின்று 2010, 2011 இரண்டு வருடமும் ரேஞ்சர்ஸை இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை கொண்டுபோனார்கள். மூன்றாமவர் மேட் ஹாரிசன் பிறகு ஆல்-ஸ்டார் ஆனார், அதாவது வருடத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானார். அடுத்த ஜூலையில் பிரேவ்ஸ் தேறாது என்று ஆனதும் அதே டெஷேராவை ஏஞ்சல்ஸுக்கு விற்றது. கிடைத்தது கேசி காட்ச்மன் என்ற சுமாரான முதல் பேஸ் வீரரும் கீழ்நிலையான மைனர் லீக்கில் ஆடிய ஒரு பிட்சரும். அவ்வளவுதான்.

ஆள் அதே ஆள், மட்டை அதே மட்டை. வயது 28, உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறைந்தது ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலம் மட்டுமே. முதல் விற்பனையில் வாங்கியவருக்கு இரண்டு அக்டோபர் கிடைத்தது, இரண்டாவதில் ஒன்று. அக்டோபரில்தான் பிளேஆஃப், கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள். அதனால் நட்சத்திர வீரரின் விலையை நாள் கணக்கில் பார்க்காமல் அக்டோபர் கணக்கில் பார்ப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றும். விலை சரிவில் உருளும் கல் மாதிரி மெதுவாக இறங்குவதில்லை. படிக்கட்டில் விழுகிற மாதிரி விழுகிறது.

ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு வீரர் ஆறு சீசன் சர்வீஸ் முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம், அதாவது எந்த அணியோடும் விலை பேசலாம். அதுவரை அணிக்குத்தான் அவர் மேல் உரிமை. முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்ச சம்பளம், அடுத்த மூன்று வருடம் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றம் வழியாக ஏறும் சம்பளம். சந்தையில் அவர் பெறுமானம் மூன்று கோடி டாலர் என்றால் அணி கொடுப்பது அதில் ஒரு துண்டு. வீரரைக் கொடுத்து வீரரை வாங்கும் டிரேடில் கைமாறுவது இந்த வித்தியாசம்தான்.

அப்படியென்றால் கேள்வி இது. உங்கள் அணியில் ஒரு பெரிய நட்சத்திரம் இருக்கிறார், ஒப்பந்தக் காலம் கரைந்துகொண்டிருக்கிறது. நீண்ட ஒப்பந்தம் போட்டுக் கட்டிப்போடுவதா, சூடு ஆறும் முன் விற்பதா, கடைசி வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் விற்பதா, சீசன் நடுவில் டிரேட் கெடு முடியுமுன் கடைசி ஜூலையில் தள்ளிவிடுவதா, கடைசிவரை வைத்து ஆடிவிட்டுப் போகவிடுவதா? இதற்கெல்லாம் பத்து அணிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாஷிங்டன் நேஷனல்ஸ் என்ற ஒரே அணி 2018-லிருந்து 2022-க்குள் இவற்றில் நான்கைச் செய்து பார்த்துவிட்டது. ஜெனரல் மேனேஜரும் அதே மைக் ரிஸோதான்.

முதலில் வைத்துக்கொள்வது. 2018-ல் பிரைஸ் ஹார்ப்பருக்கு அது கடைசி வருடம். அணி தடுமாறியும் ஜூலையில் அவரை விற்கவில்லை. முடிவு 82 வெற்றி, 80 தோல்வி, பிளேஆஃப் இல்லை. ஹார்ப்பர் 13 வருடம் 33 கோடி டாலருக்குக் கிளம்பி, அதே பிரிவில் வருடம் முழுக்க எதிரே நிற்கும் பிலடெல்பியா ஃபில்லிஸுக்குப் போனார். வாஷிங்டன் அந்த வருடம் மொத்தச் சம்பளத்துக்கான லக்ஸரி டாக்ஸ் வரம்பைத் தாண்டியிருந்ததால் ஈடாகக் கிடைத்தது, அணிகள் முறை வைத்துப் புது இளைஞர்களை எடுக்கும் டிராஃப்டில் நான்காவது சுற்றுக்குப் பிறகு ஒரு தேர்வு. அடிமாட்டு விலைகூட இல்லை.

இதோடு நிறுத்தினால் வைத்துக்கொள்வது முட்டாள்தனம் என்று எழுதிவிடலாம். ஆனால் அடுத்த வருடமே இதே நிலையில் ஆண்டனி ரெண்டோன் இருந்தார். 2019 மே மாதம் ஐம்பது ஆட்டம் முடிந்தபோது நேஷனல்ஸ் 19 வெற்றி, 31 தோல்வி. விற்றுவிடுங்கள் என்ற கூச்சல் நாலாபக்கமும் எழுந்தது, அதில் ஒரு குரல் என்னுடையது. விற்கவில்லை. ரெண்டோன் அந்த சீசனில் 126 ரன் அடித்துச் சேர்த்து லீக் முழுவதிலும் முதலிடம் பிடித்தார். வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸில், அதுவரை திணறிக்கொண்டிருந்த அணிக்கு முதல் ஹோம் ரன்னை அடித்து வழி திறந்தார். கோப்பை வந்தது. அப்புறம் அவர் ஏஞ்சல்ஸுக்குப் போனார், பரவாயில்லை. கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவரைப் பற்றி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் அதிர்ஷ்டமா? பெரும்பகுதி ஆமாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 2019 அணியில் ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கோர்பின் என்று ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசும் முதல்தர ஸ்டார்ட்டிங் பிட்சர்கள் மூவர் இருந்தார்கள். பிளேஆஃபுக்குள் எப்படியாவது நுழைந்துவிட்டால் எந்த அணியையும் அடிக்கக்கூடிய வகை. வைத்துக்கொள்ளும் முடிவு நட்சத்திரத்தைப் பார்த்து எடுக்கிற முடிவே அல்ல, மற்ற 25 பேரைப் பார்த்து எடுக்க வேண்டியது.

இதைப் பார்க்காமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஏஞ்சல்ஸ் சாட்சி. ஷோஹெய் ஓட்டானியின் கடைசி வருடம். ஜூலை முடிவில் அணி வெற்றியைத் தோல்வியைவிடக் கொஞ்சம் மேலே வைத்திருந்தது, பிளேஆஃப் இடம் கண்ணுக்குத் தெரியும் தூரம். விற்காமல் இருந்ததோடு நிற்காமல், தன் சிறந்த இளம் வீரர்களில் இருவரைக் கொடுத்து ஜியோலிட்டோ, ரெனால்டோ லோபஸ் என்ற இரண்டு பிட்சர்களை வாங்கினார்கள். ஆகஸ்ட் முதல் வாரமே தொடர் தோல்வி. அந்த மாதக் கடைசியில் வாங்கிய இருவரையும் சேர்த்துப் பலரை வேய்வரில் விட்டு, யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று கையைக் கழுவினார்கள். ஓட்டானிக்கு முழங்கையில் காயம். சீசன் முடிவு 73-89. அவர் டாட்ஜர்ஸுக்கு 70 கோடி டாலருக்குப் போனார். ஏஞ்சல்ஸுக்கு இரண்டாவது சுற்றுக்குப் பின்னால் ஒரு தேர்வு. கைக்கு எட்டியது என்று நினைத்தது உண்மையில் எட்டவே இல்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். டெஷேராவை 2008-ல் சும்மா மாதிரி வாங்கிய இதே ஏஞ்சல்ஸ், அவர் குளிர்காலத்தில் யாங்கீஸுக்குப் போனபோது ஈடாக யாங்கீஸின் முதல் சுற்றுத் தேர்வைப் பெற்றது. அந்த 25-வது இடத்தில் 2009-ல் அவர்கள் எடுத்த பையன் பெயர் மைக் டிரவுட். மூன்று முறை எம்விபி, அதாவது வருடத்தின் மிகச் சிறந்த வீரர். ஆனால் இதைக் காட்டி 'தேர்வு கிடைக்குமே' என்று யாரும் இன்று வாதாட முடியாது. 2012-லிருந்து விதி மாறிவிட்டது. சீசன் நடுவில் வாங்கிய வீரர் பிரிந்துபோனால் வாங்கியவருக்கு ஈடு எதுவும் கிடையாது. முழு சீசனும் உங்களிடம் ஆடி, நீங்கள் 'க்வாலிஃபையிங் ஆஃபர்' என்ற ஒரு வருடச் சம்பளத்தை முன்வைத்து, அவர் அதை மறுத்தால்தான் தேர்வு. 2025 குளிர்காலத்தில் அந்தத் தொகை 2.2 கோடி டாலரைத் தொட்டது.

இந்த ஒரு மாற்றம் கடைசி ஜூலை விற்பனையின் விலையை உடைத்துவிட்டது. அமெரிக்க ரசிகர்கள் இப்படி வாங்கப்படும் ஆளை 'ரென்டல்' என்பார்கள், வாடகைக்கு எடுத்தது. இரண்டு மாதம், ஒரு அக்டோபர், அப்புறம் வெறுங்கை. 2018-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் மானி மச்சாடோவை டாட்ஜர்ஸுக்கு விற்றபோது ஐந்து பேர் வந்தார்கள் என்று செய்தி கேட்கப் பெரிதாக இருந்தது. நின்று நிலைத்தவர் டீன் கிரெமர் ஒருவர்தான். அவரும் நடுத்தர ஸ்டார்ட்டிங் பிட்சர். ஐந்துக்கு ஒன்று என்பது எண்ணிக்கையில் ஏமாற்றும் வித்தை. டிரேடில் தலை எண்ணக் கூடாது, முதல் பெயரைப் பார்க்க வேண்டும்.

ரென்டலுக்குப் பெரிய விலை கிடைக்க ஒரே வழி, வாங்குகிறவர் பசியில் துடிப்பது. 2016-ல் சிகாகோ கப்ஸ் 1908-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி. அரோல்டிஸ் சாப்மன் என்ற, ஆட்டத்தின் பின்பகுதியில் இறங்கும் ரிலீஃப் பிட்சரின் இரண்டு மாதத்துக்காக யாங்கீஸுக்கு க்ளேபர் டோரஸையும் இன்னும் மூன்று பேரையும் கொடுத்தார்கள். கோப்பை வந்தது, 108 வருடக் காத்திருப்பு முடிந்தது. யாங்கீஸோ டோரஸை வைத்துக்கொண்டு, அந்தக் குளிர்காலத்திலேயே சாப்மனையும் திரும்ப ஒப்பந்தம் செய்துகொண்டது. இப்படி ஒரு வாங்குபவர் தலைமுறைக்கு ஒருவர் வருவார். அவரை நம்பி வருடா வருடம் கடையைத் திறந்து வைக்க முடியாது.

நீண்ட ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 2019 கோப்பைக்குப் பிறகு ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வாஷிங்டன் ஏழு வருடம் 24.5 கோடி டாலர் கொடுத்தது. வேர்ல்ட் சீரிஸ் எம்விபி, ஊரே கொண்டாடியது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவர் ஆடியது மொத்தம் எட்டு ஆட்டம். ஒரு வாரத்துக்குள் அச்சு அசல் அதே ஏழு வருடம், அதே 24.5 கோடிக்குத்தான் ரெண்டோன் ஏஞ்சல்ஸுக்குப் போனார், அங்கே காயத்தோடு காயமாகக் காலம் கழிந்தது. ஆக, முப்பதை நெருங்கிய நட்சத்திரத்தை ஃப்ரீ ஏஜென்ட் விலை கொடுத்துக் கட்டிப்போடுவதில் அணிக்கு லாபம் எதுவும் இல்லை. சந்தை விலை கொடுத்தால் சந்தையின் அபாயமும் சேர்ந்தே வரும்.

லாபம் இருப்பது சீக்கிரம் பேசுவதில். கான்சஸ் சிட்டி ராயல்ஸ் பாபி விட் ஜூனியரோடு 2024 பிப்ரவரியில், அவர் இரண்டே சீசன் ஆடியிருந்தபோது, 11 வருடம் 28.87 கோடிக்கு முடித்துவிட்டது. க்ளீவ்லேண்டில் ஹோசே ராமிரெஸ் 2022-ல் ஏழு வருடம் 14.1 கோடிக்கு இருந்துவிட்டார். வெளியே போயிருந்தால் இன்னும் அதிகம் வாங்கியிருப்பார், ஊரைப் பிடித்துவிட்டது. எல்லா வீரரும் அப்படி இல்லை. ஹார்ப்பர், ரெண்டோன், ஸ்ட்ராஸ்பர்க், ஷெர்சர், இனி சொல்லப்போகும் வாஷிங்டனின் இளம் நட்சத்திரம் ஹுவான் சோட்டோ ஐவருக்கும் ஒப்பந்தம் பேசிக்கொடுக்கும் ஏஜென்ட் ஒரே ஆள், ஸ்காட் போராஸ். அவருடைய ஆட்கள் பெரும்பாலும் சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டே 'பார்க்கலாம்' என்று வருடங்களைத் தள்ளுவது பொருளைப் பனிக்கட்டி மாதிரி வெயிலில் வைப்பது.

சோட்டோ விஷயத்தில் வாஷிங்டன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. 2022-ல் 15 வருடம் 44 கோடி டாலர் என்று சொன்னார்கள். சோட்டோ மறுத்தார். தொகை ஜூலையில் வெளியே கசிந்தது. வயது 23, ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் இரண்டரை சீசன். அணியோ அந்த வருடம் 107 தோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, உரிமையாளர் குடும்பம் அணியையே விற்கலாமா என்று ஆள் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 2 அன்று சான் டியேகோ பாட்ரேஸோடு பேரம் முடிந்தது. சோட்டோவோடு ஜோஷ் பெல்லையும் சேர்த்துக் கொடுத்து வாங்கியது: மெக்கென்சி கோர், சி.ஜே. ஆப்ரம்ஸ், ஜேம்ஸ் உட், ராபர்ட் ஹாசல், ஜார்லின் சுசானா, லூக் வோய்ட். அன்று இரவு இந்திய நேரம் அதிகாலை மூன்றரைக்குக் கெடு முடிகிறது என்று விழித்திருந்தேன். 'இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படுகிறார்களே' என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு ஆப்ரம்ஸ் 2024-லும், கோரும் உட்டும் 2025-லும் ஆல்-ஸ்டார் ஆனார்கள். ஒரு டிரேடில் மூன்று ஆல்-ஸ்டார் என்பது சாதாரணம் அல்ல.

மூன்று அக்டோபரின் விலை அது. பாட்ரேஸ் ஒன்றரை வருடம் கழித்து, 2023 டிசம்பரில், ஒரே ஒரு அக்டோபர் மிச்சமிருந்த சோட்டோவை யாங்கீஸுக்கு விற்றது. வந்தவர்களில் மைக்கேல் கிங் நல்ல பிட்சராகத் தேறினார், ட்ரூ தார்ப்பை அடுத்த மார்ச்சிலேயே கொடுத்து டிலன் சீஸ் என்ற பிட்சரை வாங்கிக்கொண்டார்கள். மோசமில்லை, ஆனால் உட் மாதிரி ஒருவர் அந்தப் பட்டியலில் இல்லை. சோட்டோவின் அடுத்த ஒப்பந்தம் மெட்ஸோடு, 15 வருடம் 76.5 கோடி. வாஷிங்டன் சொன்ன அதே 15 வருடம்.

வாஷிங்டன் செய்யாமல் விட்டது அந்தக் குளிர்கால வழிதான், ஒரு முழு வருடம் மிச்சமிருக்கும்போது விற்பது. வாங்குபவருக்கு ஒரு சீசனும், அவர் பிரிந்தால் தேர்வும் கிடைக்கும் என்பதால் ஜூலை ரென்டலைவிட விலை கூட வரவேண்டும். வரும் என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: கூடவே கழிவை ஏற்றி அனுப்பக் கூடாது. 2020 பிப்ரவரியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தபோது, டேவிட் பிரைஸ் என்ற பிட்சரின் பாரமான சம்பளத்தில் பாதியையும் அவர்கள் தலையில் கட்டியது. அந்தச் சலுகைக்கு விலை உண்டு. கிடைத்தவர்கள் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். டவுன்ஸை மூன்று வருடத்துக்குள் வேய்வரில் இழந்தார்கள். பெட்ஸ் அந்தக் கோடையிலேயே 12 வருடம் 36.5 கோடிக்குக் கையெழுத்திட்டு, மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் க்ளீவ்லேண்ட் ஃப்ரான்சிஸ்கோ லிண்டோரை இதே ஒரு வருட மிச்சத்தில் மெட்ஸுக்கு விற்றபோது கராஸ்கோவையும் சேர்த்துத்தான் அனுப்பியது. ஆனால் அவர் சுமையில்லை, நியாயமான சம்பளத்தில் இருந்த பிட்சர். வந்த ஆந்த்ரெஸ் ஹிமேனெஸ் மறு வருடமே ஆல்-ஸ்டார்.

சரி, விற்பது என்று முடிவானால் பேரம் எப்படி? நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பேஸ்பாலில் நேர்மாறு. கேட்ட விலை மறுநாள் செய்தியில் வந்துவிடும். கேட்பவரே கசிய விடுவதும் உண்டு, நான்காவது அணிக்கும் காது கேட்கட்டும் என்று. முதல் கேள்வி எப்போதும் உங்கள் மைனர் லீக் பட்டியலில் முதல் இரண்டு பெயரும் வேண்டும் என்பதாக இருக்கும். மறுமுனையில் 'அவரைத் தொடக்கூடாது' என்று ஒரு பெயரைச் சுற்றி வேலி போடுவார்கள். பெரும்பாலும் வேலியே பேரத்தின் தொடக்கம்தான்.

எதிர்பாராத குறுக்கீடுகளும் உண்டு. சோட்டோ பேரத்தில் முதலில் எரிக் ஹோஸ்மர் போவதாக இருந்தது. அவர் ஒப்பந்தத்தில் மறுக்கும் உரிமை இருந்தது, மறுத்துவிட்டார். சில மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வோய்ட் வந்தார். பெட்ஸ் பேரம் முதலில் மினசோட்டாவையும் சேர்த்து மும்முனையாக முடிந்து, கிராட்டரால் என்ற இளம் பிட்சரின் மருத்துவ அறிக்கையைப் பார்த்து பாஸ்டன் பின்வாங்கியதால் உடைந்து, வேறு வடிவில் திரும்ப ஒட்டப்பட்டது.

ஜூலையில் கேட்ட விலை வராவிட்டால் கலங்க வேண்டுமா? இரண்டு வருடத்துக்கு மேல் மிச்சமிருந்தால் வேண்டாம் என்பதற்கு பிட்சர் கேரட் க்ரோஷே உதாரணம். 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 தோல்வி கண்ட வருடம். ஜூலையில் எல்லோரும் அவரைக் கேட்டார்கள். ஆனால் அவர் முதன்முறையாக முழு சீசன் ஸ்டார்ட்டராக ஆடுகிறார், கை தாங்குமா என்ற பயம். அக்டோபரில் பந்து வீச வேண்டுமென்றால் முதலில் நீண்ட ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் தரப்பு சொல்ல, வாங்குபவர்கள் தயங்கினார்கள். வைட் சாக்ஸ் விலையை இறக்கவில்லை. டிசம்பரில் பாஸ்டன் கைல் டீல், ப்ரேடன் மான்ட்கோமரி உட்பட நான்கு பேரைக் கொடுத்தது. ஜூலையில் பிளேஆஃப் கனவு காணும் அணிகள் மட்டுமே வாங்கும், டிசம்பரில் எல்லோருக்கும் கனவு உண்டு. வாங்கிய பாஸ்டனுக்கும் நட்டமில்லை, அடுத்த சீசனில் அவர் 255 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார்.

அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தால் என் வரிசை இது. வீரர் இரண்டாவது மூன்றாவது சீசனில் இருக்கும்போதே ஒப்பந்தம் பேசுவேன். மறுத்தால், அடுத்த இரண்டு வருடத்தில் என் அணி 90 ஆட்டம் வெல்லுமா என்று வேறு அணிக்காரனைக் கேட்பேன், என் ஆட்களை அல்ல. வெல்லாது என்றால் மூன்று அக்டோபர் இருக்கும்போதே விற்பேன். வெல்லும் என்றால் வைத்திருந்து, கடைசி வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் இன்னொரு முறை கேட்பேன். அப்போதும் அணி தேறும் போல இருந்தால் கடைசிவரை ஆடவிட்டு, தேர்வை வாங்கிக்கொண்டு கைகுலுக்கி அனுப்புவேன். கடைசி ஜூலை விற்பனை என்பது முந்தைய எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லத் தவறியவர் செய்வது. அதிலும் வாஷிங்டன் 2021-ல் செய்தது கெட்டிக்காரத்தனம். ரென்டலான ஷெர்சரோடு ஒன்றரை வருடம் மிச்சமிருந்த ட்ரே டர்னரையும் கட்டி, டாட்ஜர்ஸின் முதல் இரண்டு பெயர்களான கீபர்ட் ரூயிஸையும் ஜோசையா கிரேவையும் கேட்டு வாங்கினார்கள். இருவரும் நினைத்த அளவுக்கு வளரவில்லை என்பது வேறு கதை.

நல்ல விலைக்கு விற்றதால் மட்டும் அணி எழுந்துவிடுமா என்றால், வாஷிங்டன் 2023-லும் 2024-லும் 71 ஆட்டம்தான் வென்றது, 2025-ல் 66. அந்த வருடம் ஜூலையில் ஜேம்ஸ் உட்டும் மெக்கென்சி கோரும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காக அட்லாண்டா போனார்கள். அதே மாதம், அவர்களைப் பேரம் பேசி வாங்கிவந்த ரிஸோவை அணி வேலையை விட்டு அனுப்பியது.